பெண் பிள்ளைகள் மாநாட்டுக்குப் போக பஸ் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்ன முடிவானது என்று மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் எல்லோருக்கும் தெரியும். பொறியியல் படிக்கும் பெண்களுக்குத் தனி மாநாடு எதற்கு, கோலாலம்பூருக்குப் பஸ் எதற்கு என்று கேட்டு, கூட்டத்தில் இருந்த நீங்கள் பஸ் காசை நிறுத்திவிட்டீர்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

பிள்ளைகள் அங்கே போவது வேலைக்காக. மாநாட்டுக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் பெரும்பாலும் ரெசுமேயை (படிப்பு, அனுபவம் பற்றிய குறிப்பை) சில வாரம் முன்பே வாங்கி, யாரை நேர்காணலுக்குக் கூப்பிடுவது என்று குறித்துவைத்துவிடும். அன்றைக்குக் காகிதத்தோடு போய் நிற்பவருக்குப் பையும் பேனாவும்தான் கிடைக்கும். ரெசுமே ஒரே பக்கம் போதும். 'கடின உழைப்பாளி' என்று எழுதாமல், எந்த பம்பைப் பிரித்தோம், என்ன பழுது, எதை அளந்தோம் என்று எழுத வேண்டும். தொழிற்பயிற்சி எந்த மாதம் தொடங்கும் என்பது மேலேயே இருக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

காலை 8 மணிக்குப் பதிவு. இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். முதல் நாளே போய்த் தங்க வேண்டும், கூட ஓர் ஆசிரியை வந்தால்தான் வீட்டில் அனுப்புவார்கள். அதற்குத்தான் பஸ் கேட்டோம். போன ஆண்டு தனியாகப் போன பிள்ளை போய்ச் சேரும்போது மணி 11. நேர்காணல் எல்லாம் நிரம்பிவிட்டது.

"திறமை இருந்தால் வேலை தானா வரும்" என்கிறார்கள். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்த கறுப்பின மாணவர்களில் 80 விழுக்காட்டினர் இடையிலேயே நின்றுபோனார்கள். அத்தனை பேருக்குமா திறமை இல்லை? மாணவர்களே சங்கம் வைத்தார்கள். 1975 ஏப்ரலில் 32 கல்லூரிகளிலிருந்து 48 பேர் அங்கே கூடியதில்தான் கறுப்பினப் பொறியாளர்களின் தேசியச் சங்கம் பிறந்தது. 48 பேர்! நம் ஒரு பஸ் கூட்டம்.

"ஆண் பிள்ளைகள் ஏழை இல்லையா?" ஏழைதான். பொது வேலைக் கண்காட்சிக்கு அவர்களைக் கூட்டிப் போங்கள், நானும் வருகிறேன். ஆனால் கணினித் துறைப் பெண்களுக்காக 1994இல் தொடங்கிய கிரேஸ் ஹாப்பர் மாநாட்டில், 2023இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், ஆண்கள் திரண்டு வந்து வேலைக் கண்காட்சி வரிசையை நிறைத்தார்கள். யாருக்காக வைத்தார்களோ அவர்களே இடம் கிடைக்காமல் நின்றார்கள்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் பெண்ணுக்கு உடை மாற்ற அறை உண்டா? இரவு ஷிப்ட் முடிந்தால் வண்டி உண்டா? சின்ன அளவில் பாதுகாப்புக் காலணி கொடுப்பார்களா? பெரிய காலணியோடு இரும்புப் படி ஏறினால் கால் இடறும். இதையெல்லாம் நேர்காணலில் கேட்கப் பயப்படும் பிள்ளை, கொதிகலன் பக்கம் வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம் கேட்கும். அந்த அக்காவை இங்கே எங்கே போய்ப் பார்ப்பது?

எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வந்தபோது இதே பிள்ளைகளுக்கு மாலை போட்டு, "தோட்டத்துக்கே பெருமை" என்று படம் எடுத்தது நீங்கள்தானே? படிப்பு முடிகிற நேரத்தில் கைவிட்டால் அவர்கள் யாரிடம் போவார்கள்?

ரெசுமே அனுப்பிவிட்ட பிள்ளைகளுக்காவது ஒரு வேன் பிடிக்க வேண்டும். டோலுக்கும் எண்ணெய்க்கும் யார் சேருகிறீர்கள்?