திமோரில் அப்போது ஐ.நா. படை இல்லை
"1999-ல் கிழக்குத் திமோர் பற்றி எரிந்தபோது ஐ.நா. ராணுவம் துப்பாக்கியும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. இந்தோனேசியாவோடு இருப்பதா, பிரிந்துபோவதா என்று அங்குள்ள மக்களைக் கேட்ட வாக்கெடுப்புக்காக ஐ.நா. பாதுகாப்பு அவை 1246-ஆம் தீர்மானத்தில் அனுமதித்தது 50 ராணுவத் தொடர்பு அதிகாரிகளையும் 280 வரை சிவில் போலீஸாரையும்தான். யார் கையிலும் ஆயுதம் கிடையாது.

தொடர்பு அதிகாரி என்ன செய்வார்? இந்தோனேசிய ராணுவ அதிகாரியைப் போய்ப் பார்ப்பார். மிலிஷியாக்கள் (இந்தோனேசிய ஆதரவு ஆயுதக் குழுக்கள்) மக்களை மிரட்டுவதாக வந்த புகாரை அவர் முன் வைத்து, நடவடிக்கை எடுக்கச் சொல்வார். விடுதலைக்காகப் போரிட்ட ஃபாலிந்தில் இயக்கப் போராளிகளிடமும் பேசுவார். கண்டதையும் கேட்டதையும் தலைநகர் டிலிக்கு அறிக்கையாக அனுப்புவார். அவ்வளவுதான் அவர் அதிகாரம். ஒருவரைக் கைதுகூடச் செய்ய முடியாது.

வாக்கெடுப்பு நடத்த இந்தோனேசியா, போர்ச்சுகல், ஐ.நா. செய்துகொண்ட மே 5 ஒப்பந்தப்படி பாதுகாப்புப் பொறுப்பு இந்தோனேசியாவினுடையது. ஆகஸ்ட் 30-ல் வாக்கெடுப்பு; 78.5 சதவீதம் பேர் பிரிந்துபோகவே வாக்களித்தார்கள். ஆஸ்திரேலியா தலைமையிலான ஆயுதப் படை வந்து இறங்கியது செப்டம்பர் 20-ல்தான். இடையில் நடந்த படுகொலைகளுக்குக் கேள்வி கேட்பதென்றால், அந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தவர்களைக் கேளுங்கள். மிலிஷியாக்கள் நடமாடிய ஊர்களில் வெறுங்கையோடு சுற்றியவர்கள்மீது பழி போடுவது அநியாயம்.