காம்ப்ரமியின் கடைசிப் பத்தியைப் படித்தீர்களா?

சர்வதேசச் சட்ட மூட் கோர்ட்டுக்கு, அதாவது சட்ட மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடும் போட்டிக்கு, பேர் கொடுத்த டீம் முதல் வாரத்தில் என்ன செய்கிறது என்று பார்த்தாலே போதும், அது எத்தனை ரவுண்டு தாங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். தீர்ப்புகளாக டவுன்லோடு செய்து குவித்துக்கொண்டிருந்தால் கஷ்டம்தான். காம்ப்ரமி என்கிற வழக்குத் தாளைப் பிரிண்ட் எடுத்து, பத்தி பத்தியாக ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தால் நம்பிக்கை வைக்கலாம்.

காம்ப்ரமி என்பது, 'எங்கள் தகராறை நீங்களே தீர்த்து வையுங்கள்' என்று இரண்டு கற்பனை நாடுகள் ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் உடன்பாடு. 1960-ல் தொடங்கிய ஜெஸ்ஸப் போட்டி நடப்பது இந்த அடிப்படையில்தான். வழக்கின் உண்மைகள் எல்லாம் அந்தத் தாள்களுக்குள்ளேயே முடிந்துவிடும். அதற்கு வெளியே ஒரு துரும்பைக் கூட நீங்களாகச் சேர்க்க முடியாது.

அதன் கடைசிப் பக்கத்தில் உப்புச்சப்பில்லாத ஒரு பத்தி இருக்கும்: எந்த நாடு எந்த உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறது, எதில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு ஏற்புறுதி செய்யாமல் விட்டிருக்கிறது என்ற பட்டியல். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வழக்கின் பாதி அதில்தான் இருக்கிறது. எதிர்நாடு கையெழுத்தோடு நின்றுவிட்டதென்றால் அந்த உடன்படிக்கையின் பிரிவுகளை அதன் மேல் நேராகப் பாய்ச்ச முடியாது. உடன்படிக்கைகளுக்கான விதிகளைச் சொல்லும் 1969-ன் வியன்னா உடன்படிக்கையின் 18-வது பிரிவைப் பிடித்து, 'நோக்கத்தையே குலைக்கும் செயலைச் செய்யக் கூடாது' என்று வாதாடலாம். இல்லையென்றால் அதே விதி வழக்காற்றுச் சட்டமாகவும் இருக்கிறது என்று நிறுவ வேண்டும். இரண்டாவது வழிக்கு நாடுகளின் நடைமுறையும் வேண்டும், அது சட்டக் கடமை என்ற நம்பிக்கையும் வேண்டும். ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் ஒன்றை மட்டும் நீட்டினால் போதாது. அந்த நம்பிக்கைக்கு அது சான்றாகலாம் என்று 1996-ன் அணு ஆயுத ஆலோசனைக் கருத்து சொல்கிறதே தவிர, தீர்மானமே சட்டம் என்று சொல்லவில்லை.

அந்த வியன்னா உடன்படிக்கையிலேயே இன்னொரு பொறி உண்டு. அது நடைமுறைக்கு வந்தது 1980-ல். கற்பனை நாடுகளின் ஒப்பந்தம் 1950-களில் போட்டது என்றால், 4-வது பிரிவின்படி அந்த உடன்படிக்கை அதற்குப் பொருந்தாது. ஒப்பந்தங்களுக்குப் பொருள் கொள்ளும் முறை பற்றிய 31-வது பிரிவு வழக்காற்றுச் சட்டத்தையே சொல்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் தப்பிக்கலாம். அந்த ஒரு வரி இல்லாத மெமோரியல்கள், அதாவது எழுத்து வாதங்கள், ஏராளம்.

சரி, தீர்ப்புக்கு வருவோம். ஆயுதக் குழு ஒன்று எல்லை தாண்டி வந்து தாக்குகிறது. அதற்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது எதிர்நாடு. குழு செய்ததை நாட்டின் தலையில் கட்டலாமா? அந்தக் குறிப்பிட்ட நடவடிக்கையின் மீதே கட்டுப்பாடு இருந்திருக்க வேண்டும் என்றது சர்வதேச நீதிமன்றத்தின் 1986 நிகரகுவா தீர்ப்பு. இதுதான் 'எஃபெக்டிவ் கன்ட்ரோல்'. யுகோஸ்லாவியப் போர்க்குற்றத் தீர்ப்பாயமோ 1999-ல் தாடிச் மேல்முறையீட்டில், ராணுவம் போல் கட்டமைந்த குழுவென்றால் ஒட்டுமொத்தக் கட்டுப்பாடே போதும் என்றது. மனுதாரர் பக்கம் பேசுபவருக்குத் தாடிச் வெல்லக்கட்டி மாதிரி. எடுத்து வீசுவார். உடனே நீதிபதிகளின் பெஞ்சிலிருந்து வரும்: "இந்த நீதிமன்றம் 2007-ல் போஸ்னியா வழக்கில் அதை ஏற்க மறுத்ததே, தெரியுமா?" பேசுபவரின் முகம் வெளுக்கும் இடம் இது.

இதற்கு இரண்டு வழி உண்டு. காம்ப்ரமியில் கட்டளை கொடுத்ததையோ இலக்கைக் குறித்துக் கொடுத்ததையோ காட்டும் பத்தி இருந்தால், அந்தப் பத்தி எண்ணைச் சொல்லி எஃபெக்டிவ் கன்ட்ரோலையே நிரூபிக்கலாம். இல்லையென்றால் மாற்று வாதத்துக்குப் போகலாம்: குழுவின் செயல் அந்நாட்டின் செயலாகாவிட்டாலும், ஆயுதமும் பயிற்சியும் கொடுத்ததே தலையிடாமை விதியை மீறியதுதான். இதைச் சொல்வதும் அதே நிகரகுவா தீர்ப்புதான். ஒரே தீர்ப்பில் பாதியை மட்டும் படித்துவிட்டு வருவதால்தான் இந்த வாதம் பலர் கண்ணில் படுவதே இல்லை.

'நிகரகுவா எங்களைக் கட்டுப்படுத்துமா?' என்று சில நீதிபதிகள் வேண்டுமென்றே சீண்டுவார்கள். சர்வதேச நீதிமன்றச் சட்டத்தின் 59-வது பிரிவுப்படி தீர்ப்பு அந்த வழக்கின் தரப்பினரை மட்டும்தான் கட்டும் என்று முதலில் ஒப்புக்கொண்டு, முந்தைய தீர்ப்பிலிருந்து விலக இந்த வழக்கில் காரணம் எதுவும் இல்லை என்று காட்டுவதே நல்ல பதில். 'ஆம், கட்டும்' என்று சொன்னால் அடுத்த 5 நிமிடம் காலி.

மெமோரியல் பற்றி நீட்டப் போவதில்லை. உண்மைகள் பகுதியில் வாதத்தை நுழைக்காதீர்கள். முடிவில் கேட்கும் நிவாரணம் காம்ப்ரமியில் உள்ள கேள்விகளோடு ஒத்துப்போகட்டும். நாடுகள் சட்டமீறல் நடந்தது என்ற அறிவிப்பு மட்டும் கேட்டிருக்க, நீங்கள் இழப்பீடு கேட்டு நிற்காதீர்கள். சொல் வரம்பு மீறினாலோ, கல்லூரிப் பெயர் எங்காவது வெளிப்பட்டாலோ தண்டனை மதிப்பெண் விழும். அடிக்குறிப்பில் உள்ள ஒவ்வொரு தீர்ப்பையும் ஒருவர் கண்ணால் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஏஐ எடுத்துக்கொடுக்கும் வழக்குகளில் பிறக்கவே பிறக்காதவையும் இருக்கும்.

வாய்மொழிச் சுற்றில் நம் பேச்சுப்போட்டிப் பழக்கம்தான் பெரிய எதிரி. ஜெஸ்ஸப்பில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம், பேசுபவர் இருவர், ஒருவருக்கு ரிபட்டலும் (எதிர்த்தரப்பு பேசியபின் சொல்லும் மறுப்பு) சேர்த்து 25 நிமிடத்துக்கு மேல் கிடையாது. 20 நிமிடத்துக்கு 20 நிமிடப் பேச்சை மனப்பாடம் செய்து வருபவர் நாலாவது கேள்வியிலேயே தடம் மாறிவிடுவார். 20 நிமிடம் இருந்தால் 11, 12 நிமிடச் சரக்குப் போதும். மீதி நேரம் பெஞ்சுக்குச் சொந்தம். கேள்வியே கேட்காத பெஞ்சு வாய்த்தால் விரித்துச் சொல்ல இரண்டு துணைவாதங்களைத் தனித் தாளில் வைத்திருங்கள்.

கேள்விக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' முதலில், காரணம் பிறகு, பத்தி எண் அதற்கும் பிறகு. 'அதற்குப் பின்னால் வருகிறேன், யுவர் எக்ஸலென்சி' என்பது பதிலே இல்லை. பெஞ்சில் இருப்பவர் எல்லாரும் சர்வதேசச் சட்டப் புலிகள் என்றும் நினைக்க வேண்டாம். சிலர் வேறு துறை வக்கீல்கள், நீதிபதிகளுக்குத் தரும் வழக்குக் குறிப்பான பெஞ்ச் மெமோவை மட்டும் படித்துவிட்டு வந்திருப்பார்கள். அவர்களிடம் லத்தீனைக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ரிபட்டலில்தான் மனுதாரர் டீம்கள் ஆசைப்பட்டுக் கெடுகின்றன. ஏழு பாயிண்ட்டை மூச்சுவிடாமல் அடுக்கினால் ஒன்றும் ஒட்டாது. எதிர்த்தரப்பு தவறாகச் சொன்ன ஒரு உண்மை, பதில் சொல்லாமல் விட்ட ஒரு வாதம், இரண்டு போதும். சொந்த வாதத்தைத் திருப்பிச் சொல்வது ரிபட்டல் ஆகாது. இன்னொரு கணக்கும் உண்டு: நீங்கள் ரிபட்டலை விட்டுக்கொடுத்தால் எதிர்த்தரப்புக்கு சர்ரிபட்டல், அதாவது ரிபட்டலுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு, கிடையாது. அவர்களின் இரண்டாவது பேச்சாளர் சொதப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், பெஞ்சின் முகத்தில் அது தெரிகிறது என்றால், எழுந்து நன்றி சொல்லி ரிபட்டலை விட்டுவிடுங்கள். விட்டதைச் சரிசெய்ய அவருக்கு இனி மைக் கிடைக்காது.