வைசென்ஸே: கதவைத் தட்டாத அடக்குமுறை

அடக்குமுறைக் காலத்துத் தொடர் என்றால் நடுராத்திரியில் கதவை உடைப்பார்கள், ஆளை இழுத்துப் போவார்கள். ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியில் 2010 முதல் 2018 வரை வந்த 'வைசென்ஸே' (4 சீசன், 24 எபிசோட்) இந்தப் பழக்கத்திலிருந்து ஓரளவு தப்பித்த தொடர். ஓரளவுதான்.

கதை 1980இல், கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியின் தலைநகர் கிழக்கு பெர்லினில் தொடங்குகிறது. ஸ்டாசி உளவுத்துறை உயரதிகாரியின் இளைய மகன், அரசுக்கு ஆகாத பாடகியின் மகளைக் காதலிக்கிறான். நம்மூர்க் கதைதான், விடுங்கள். கவனிக்க வேண்டியது, அதே ஸ்டாசியில் இருக்கும் மூத்தவன் ஃபால்க் வேலை பார்க்கும் விதத்தை.

கிழக்கு ஜெர்மனி 1973இல் ஐ.நா.வில் சேர்ந்தது, 1975இல் மனித உரிமைகளை மதிப்பதாக ஹெல்சின்கி உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டது. இனி ஆளைப் பிடித்து உள்ளே போட்டால் வெளியே பெயர் கெடும். அதனால் 1976 ஜனவரியில் ஸ்டாசியின் 1/76 உத்தரவு ஒரு சத்தமில்லாத முறையை வகுத்தது. 'ட்ஸெர்ஸெட்சுங்', அதாவது அரித்துச் சிதைப்பது. முதலில் கோப்பு: யாரோடு பழக்கம், குடியா, கடனா, கள்ள உறவா. எங்கே பலவீனமோ அங்கே கைவைப்பார்கள். ஒரு மொட்டைக் கடுதாசி. 'அவனே ஸ்டாசி ஆள்தான்' என்று நண்பர்கள் காதில் ஒரு வதந்தி. காரணமே சொல்லாமல் நின்றுபோகும் பதவி உயர்வு. ஆளில்லாத நேரம் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை இடம் மாற்றி வைப்பதும் நடந்தது. போய் என்னவென்று புகார் கொடுப்பது? சர்க்கரை டப்பா நகர்ந்துவிட்டது என்றா?

தொடர் சறுக்குவதும் ஃபால்க்கிடம்தான். அவனை அத்தனை கொடியவனாகக் காட்டியதில், பார்ப்பவர்களுக்குத் திட்ட ஒரு ஆள் கிடைத்துவிடுகிறான். நிஜத்தில் 1.6 கோடிப் பேர் கொண்ட நாட்டில் 1989இல் ஸ்டாசிக்குச் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள். அதற்கு மேல் 1,70,000க்கும் அதிகமான ரகசியத் தகவலாளிகள். கடிதங்களை நீராவியில் பிரித்து, படித்து, திரும்ப ஒட்டி அனுப்ப மட்டும் தனிப்பிரிவு. விசாரணை நாற்காலியில் துணி வைத்து, உட்கார்ந்தவரின் வாசனையைக் கண்ணாடி ஜாடியில் சேமித்தார்கள், மோப்ப நாய்க்காக. இதையெல்லாம் செய்தவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், வில்லன்கள் இல்லை.

அப்பா ஹான்ஸாக நடிக்கும் ஊவே கோக்கிஷ், இளம் வயதில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்ப முயன்று சிறை சென்றவர். ஸ்டாசி சீருடையில் அவர் முகத்தைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கிழக்கு ஜெர்மனி மறைந்த பிறகு, 1992 ஜனவரியில் ஸ்டாசி கோப்புகளைப் பொதுமக்கள் பார்க்க வழி பிறந்தது. எதிர்ப்பாளர் வேரா வோலன்பெர்கர் தன் கோப்பில் 'டொனால்ட்' என்ற தகவலாளியின் அறிக்கைகளைப் படித்தார். டொனால்ட் அவருடைய கணவர்.