வசதி இருந்தால் மட்டும் போதுமா?
இணைய வசதியும் ஓய்வு நேரமும் கொடுத்துவிட்டால் மாணவர்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்று, வகுப்பறைக்கு வெளியே கற்பதைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. வகுப்பறைக்கு வெளியே கற்பதற்கு முதலில் மாணவருக்குச் சொந்தமான ஒரு கேள்வி வேண்டும். அதைக் காதுகொடுத்துக் கேட்கும் பெரியவர் ஒருவரும் வேண்டும். ஆசிரியராகப் பணியாற்றும் நான், பகலிலும் நிலவு தெரிவது ஏன் என்று கேட்ட மாணவியிடம் விடையைச் சொல்லாமல், மாலையில் ஒரே நேரத்தில் நிலவு எங்கே, எந்த வடிவில் தெரிகிறது என்று நாள்தோறும் வரைந்துவரச் சொன்னேன். மேகம் மறைத்த நாள்களுக்கு வெற்றுக் கட்டம் விட்டு அவள் வரைந்த தாள்களை வரிசையாக அடுக்கியபோது, நிலவு நாளுக்கு நாள் கிழக்கே தள்ளிப்போவதை அவளே கண்டுகொண்டாள். அது சராசரியாக ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது என்பதையும் பின்னர் நூலகத்தில் தேடிப் படித்துவந்து எனக்குச் சொன்னாள். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், தாமாகவே கற்க முடியும் என்பதற்கு ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடேயைச் சான்றாகக் காட்டியிருக்கிறார். புத்தகம் கட்டும் தொழில் பழகிய இடத்திலேயே அவர் படித்துத் தேர்ந்தார் என்பது உண்மைதான்; ஆயினும் 1812-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளை அவருக்கே அனுப்பி, 1813-இல் அவருடைய உதவியாளராகச் சேர்ந்த பிறகே முறையான ஆய்வுக்கூடம் ஃபாரடேக்கு வாய்த்தது. எனவே, வாரத்தில் ஒரு பாடவேளையையாவது மாணவர்கள் தாமாகத் தேடிக் கண்டதைப் பேசுவதற்கென்று பள்ளிகள் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் மதிப்பெண் பேச்சே எழக்கூடாது.