அடுக்கிய டோரிப் படகுகள் இல்லாத மாதிரிக் கப்பல் நிறைவாகாது

1921இல் கனடாவின் லூனன்பர்க்கில் நீரில் இறக்கப்பட்ட 'புளூநோஸ்' என்ற ஸ்கூனர் வகைப் பாய்க்கப்பலின் மர மாதிரியைக் கட்டும் முறையை விளக்கும், நான் படித்த கட்டுரை, பாய்மரங்களுக்கும் கயிறுகளுக்கும் அளித்த இடத்தில் சிறு பகுதியையேனும் மேல்தளத்து டோரி என்னும் சிறு மீன்பிடிப் படகுகளுக்கு அளித்திருக்க வேண்டும். அக்கப்பல் பந்தயங்களில் வென்று புகழ்பெற்றது உண்மைதான். ஆனால் அது மீன்பிடிக் கப்பல். மீனவர்கள் டோரிகளில் ஏறிச் சென்று, நீண்ட தூண்டில் கயிறுகளை விரித்துக் காட் மீன் பிடித்தார்கள். உட்காரும் குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு, டோரிகளைத் தட்டுகளைப் போல ஒன்றினுள் ஒன்றாக அடுக்கிவைப்பார்கள். மாதிரியிலும் அவற்றை அப்படியே காட்டுவதுதான் நியாயம்.

மாதிரியின் உடற்பலகைகளை நனைத்து வளைக்கும்படி அக்கட்டுரை சொல்வது சரியே. ஆயினும் மும்பையில் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்: மழைக்காலத்தில் மாட்டுங்காவிலுள்ள என் வீட்டில் நனைத்த பலகை உலர்வது மிகவும் தாமதமாகிறது, ஈரம் போகாத பலகையை ஒட்டினால், பின்னர் அது சுருங்கி இணைப்புகளில் இடைவெளி விழும். ஆகவே பலகையை மாதிரியின் விலா எலும்பு போன்ற சட்டங்களின் மேல் வளைத்துக் கவ்விகளால் பிடித்து முழுதும் உலரவிட்டு, முன்முனையை நோக்கி அகலத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து இழைத்த பிறகே ஒட்ட வேண்டும். 1:64 அளவில் 143 அடிக் கப்பல் ஏறத்தாழ 68 சென்டிமீட்டராகிவிடுவதால், மயிரிழை இடைவெளியும் கண்ணுக்குத் தப்பாது.