ஒரு மூடி பிராந்தி

போன மாதம் பெருந்துறைப் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். ஏழு மாதக் கர்ப்பிணி இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வளையல் அடுக்கிவிட்ட பெரியம்மா ஒருவர், "வெந்நீரில் ஒரு மூடி பிராந்தி ஊற்றிக் குடி கண்ணு, சளி கரைந்துவிடும்" என்றார். சுற்றிப் பத்துப் பெண்கள் இருந்தோம். ஒருவரும் மறுக்கவில்லை, நான் உட்பட. அந்த உறுத்தலில்தான் எழுதுகிறேன்.

"நம் பக்கத்துப் பெண்கள் குடிப்பதில்லையே" என்பீர்கள். குடி என்று பெயர் வைக்காமல் குடிக்கிறோம். சளிக்குப் பிராந்தி, பசியெடுக்க அரிஷ்டம், "கள் உணவுதானே" என்று தோப்பில் ஒரு சொம்பு. கள்ளுக்கான தடையை நீக்கக் கேட்கும் விவசாயிகளோடு எனக்கு வழக்கில்லை, அது வேறு கணக்கு. ஆனால் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய தெளுவு, அதாவது பதநீர் வேறு, புளித்த கள் வேறு. கள்ளிலும் அரிஷ்டத்திலும் இருப்பது டாஸ்மாக் பாட்டிலில் இருக்கும் அதே ஆல்கஹால்தான்.

தாயின் ரத்தத்தில் ஏறும் மது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. அதைச் செரித்து வெளியேற்றும் அளவுக்குக் குழந்தையின் கல்லீரல் வளர்ந்திருக்காது. இதனால் வரும் பாதிப்புக்கு 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் ஜோன்ஸும் ஸ்மித்தும் 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். சில குழந்தைகளுக்கு முகத்திலேயே தெரியும்: சிறுத்த கண்கள், மெலிந்த மேலுதடு. பல குழந்தைகளுக்குப் பள்ளிக்குப் போன பிறகுதான் தெரியும். கணக்கு ஏறாது, சொன்னது மனதில் நிற்காது. மக்கு என்று திட்டு வாங்கும் அந்தக் குழந்தைக்கு மூளையில் நேர்ந்த பாதிப்பு ஆயுள் முழுக்க மாறாது. இவ்வளவு குடித்தால் பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவும் கிடையாது. ஏற்கெனவே குடித்துவிட்டவர்கள் பயந்து நடுங்க வேண்டாம், எல்லாக் குழந்தைக்கும் பாதிப்பு வருவதில்லை. இன்று நிறுத்தினாலும் குழந்தைக்கு நல்லதுதான்.

என் இரண்டு பிரசவத்திலும் எடை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மதுவைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கேட்டிருந்தாலும் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எவள் சொல்வாள்? ஆண் குடித்தால் அலுப்புக்கு என்கிறோம்; பெண் தொட்டால் குடும்ப மானம் போய்விடுகிறது. தனியாக அழைத்து, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் 1989 முதல் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை பாட்டிலிலேயே இருக்கிறது. நம் பாட்டிலில் உடல்நலத்துக்குக் கேடு என்றும், குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்றும் போடுகிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு வரி சேர்த்தால் என்ன?

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "குடிக்கவில்லை அக்கா, வாடையே குமட்டியது" என்றாள்.