கல்லைப் புரட்டிப் பார்த்தால் தெரியும்

ஓடை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். அன்றைய நிலவரம் தெரியும், அவ்வளவுதான். போன மழையில் வயலிலிருந்து வழிந்த பூச்சிமருந்து அதற்குள் எங்கேயோ போயிருக்கும். மாதக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும் பூச்சிகளிடம்தான் முழுக் கதையும் இருக்கிறது.

ஒரு கல்லைப் புரட்டுங்கள். நல்ல ஓடை என்றால், அடியில் மேஃபிளையின் (நீரில் வளர்ந்து, பிறகு இறக்கை முளைத்துப் பறக்கும் ஒரு பூச்சி) இளம்பூச்சி தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றின் இருபுறமும் மெல்லிய செவுள்கள் அசைந்தபடி இருக்கும். பக்கத்திலேயே அதுபோல நீரில் வளரும் கேடிஸ்ஃபிளை என்ற இன்னொரு பூச்சியின் புழு, வாயிலிருந்து வரும் பட்டிழையால் மணலை ஒட்டிச் செய்த கூட்டையும் இழுத்துக்கொண்டு நகரும். இவற்றுக்குக் கற்களுக்கு நடுவே சந்து வேண்டும், ஆக்சிஜன் நிறைந்த குளிர்ந்த நீர் வேண்டும்.

மேட்டில் காட்டை அழித்து உழுதால், மழையில் கரைந்து வரும் வண்டல் அந்தச் சந்துகளில்தான் போய் அடைகிறது. தண்ணீர் இரண்டு நாளில் தெளிந்துவிடும், அடைத்தது அடைத்ததுதான். கரை மரங்களை வெட்டினால் நிழலும் போச்சு, பல பூச்சிகளுக்குச் சாப்பாடான உதிர்ந்த இலையும் போச்சு. வெயிலில் சூடாகும் நீரில் ஆக்சிஜனும் குறையும்: 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் சேற்றில் வாழும் சிவப்புப் புழுக்கள். உடம்பில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் இருப்பதால் அவை எப்படியோ சமாளித்துவிடும்.

தார்ச்சாலை செய்வது வேறு கூத்து. அதில் பட்டுத் திரும்பும் ஒளி மேஃபிளைக்கு நீர்ப்பரப்பு போலவே தெரிகிறது, சாலையிலேயே முட்டையிட்டுவிடுகிறது. ஹங்கேரி ஆய்வாளர்கள் 1998-லேயே இதை எழுதிவிட்டார்கள்.

எனக்கு எரிச்சலே ஓடையை 'அழகுபடுத்தும்' திட்டங்கள்தான். கல்லை அள்ளிவிட்டுக் கரைக்கு கான்கிரீட் பூசுவார்கள். அப்புறம் மழைத்தண்ணீர் ஒரே பாய்ச்சலாக வரும்போது பூச்சி ஒதுங்க ஓர் இடுக்குகூட இருக்காது.

சரி, பிறகு மரம் நட்டால் போதாதா? அமெரிக்காவின் வட கரோலினா ஓடைகளைப் பற்றி 1998-ல் ஓர் ஆய்வு வந்தது. ஓடையில் எத்தனை வகைச் சிற்றுயிர்கள் இருக்கின்றன என்பதை, 1990-களின் நிலப்பயன்பாட்டைவிட 1950-களின் நிலப்பயன்பாடே நன்றாகச் சொன்னது. காடு திரும்பிய இடங்களிலும் பழைய விவசாயத்தின் தழும்பு ஆறவில்லை. அதனால் என்னைக் கேட்டால், கன்று நடுவதற்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கை, இன்னும் மரத்தோடு நிற்கிற கரைகளைக் காப்பாற்றத்தான் முதலில் செலவழிக்க வேண்டும்.